திருப்பத்துக்குப் பலியாகும் கதைகள்

கொஞ்ச காலமாகவே, ஒரு த்ரில்லரை முடித்துக் கீழே வைக்கும்போது எனக்கு எரிச்சல்தான் மிஞ்சுகிறது. ஃபேன்டஸி நாவல் என்றால் எரிச்சல்கூட வருவதில்லை, வெறும் அலுப்பு. இந்த இரண்டு வகையையும் பள்ளி நாட்களிலிருந்து ஆசையாகப் படித்துவருகிறவள் நான். "இதெல்லாம் பொழுதுபோக்குதானே, இதில் போய் என்ன எதிர்பார்ப்பு" என்று யாராவது சொன்னால் விடாமல் வாதாடுவேன். ராத்திரி இரண்டு மணி வரை விளக்கை அணைக்கவிடாமல் ஒருவரை உட்கார வைப்பது லேசான வித்தையா என்ன? அந்த வித்தை தெரிந்தவர்கள் இன்றும் எழுதுகிறார்கள். ஆனால் கடையில் முன்வரிசையில் அடுக்கப்படுபவை, ரீல்ஸில் காட்டப்படுபவை, இந்த ஆண்டு தவறவிடக் கூடாத நாவல் என்று அட்டையிலேயே அச்சாகி வருபவை ஆகியவற்றில் நான் வாங்கிப் படித்ததில் பெரும்பாலானவை ஏமாற்றிவிட்டன.

ஏமாற்றிய நாவல்களின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஒரு புத்தகத்தோடு நின்றுவிடும். பாதியில் நிறுத்தியவை, முடித்துவிட்டு நொந்துகொண்டவை எல்லாவற்றையும் ஒரு பழைய டைரியில் எழுதி, பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி குறித்துவந்தேன். பிறகு ஒருநாள் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தபோது, வேறு வேறு எழுத்தாளர்கள், வேறு வேறு நாடுகள், ஆனால் காரணம் மட்டும் அதே இரண்டு மூன்றாகத் திரும்பத் திரும்ப வந்திருந்தது. பிடித்த புத்தகத்தைப் பற்றி எழுதுவதைவிட பிடிக்காததைப் பற்றி ஒரு வரி எழுதிவைப்பது, நமக்கு என்ன வேண்டும் என்பதைச் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்தப் பழக்கத்தை யாருக்கும் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

முதலில் த்ரில்லர். சமீபத்தில் படித்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கதாநாயகியே தன் கதையைச் சொல்கிறாள். தங்கை காணாமல்போய் வருஷக்கணக்காகிறது. கடலோர ஊர், ஓயாத மழை, பழைய வீடு, ஊரில் எல்லோருக்கும் ஏதோ தெரியும் ஆனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. தொடக்கம் நன்றாகவே இருந்தது. கதை சூடு பிடிக்கும் நேரத்தில் அவள் பரணில் ஏறி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறாள். உள்ளே ஒரு புகைப்படம். அதிலிருக்கும் முகத்தைப் பார்த்ததும் கை நடுங்குகிறது, எல்லாம் புரிந்துவிடுகிறது. அத்தியாயம் முடிந்தது.

சரி, அடுத்த அத்தியாயத்தில் சொல்வாள் என்று புரட்டினால், கதை சில வருஷம் முன்னால் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போய்விடுகிறது. மறுபடி இவளிடம் வரும்போது இவள் டீ போடுகிறாள், போலீஸ்காரரிடம் பேசுகிறாள், தூங்குகிறாள், கனவுகூடக் காண்கிறாள். அந்த முகம் யாருடையது என்று மட்டும் அவள் மனதில் ஓடவே இல்லை. நாவல் முடியப்போகும் நேரத்தில்தான் நமக்குத் தெரிய வருகிறது.

அவள் தலைக்குள் என்னைக் குடிவைத்தவர் எழுத்தாளர்தான். அவளுடைய பசி, கால்வலி, அம்மாவின் மீதுள்ள கோபம் எல்லாம் எனக்குச் சொல்லப்படுகின்றன. தங்கையைப் பற்றிய உண்மை கையில் கிடைத்த ஒரு பெண்ணுக்கு அன்று ராத்திரி வேறு எந்த நினைப்பு வரும்? அவள் என்னிடம் மறைக்க ஒரு காரணமும் இல்லை. மறைத்தவர் எழுதியவர். அந்த இடத்திலிருந்து அவள் எனக்கு மனுஷியாகத் தெரியவில்லை, கதையை இழுத்துப் போக ஒருத்தி தேவைப்பட்டாள், அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. பிறகு வந்த உண்மை எவ்வளவு பயங்கரமாக இருந்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதிக்கப்பட வேண்டியவளே அங்கே இல்லையே.

மறைக்காமல் மர்மக்கதை எழுத முடியாது என்பது தெரியாமல் இதைச் சொல்லவில்லை. எப்படி மறைப்பது என்பதில்தான் நாணயம் இருக்கிறது, இதைப் பற்றி அந்தத் துறையிலேயே நூறு வருஷமாகப் பேசிவந்திருக்கிறார்கள். 1929-ல் ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், அவரே துப்பறியும் கதைகள் எழுதியவர், இந்த வகைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும். துப்பறிகிறவர் கண்டுபிடிக்கும் தடயம் எதையும் வாசகரிடமிருந்து ஒளிக்கக் கூடாது. ரகசிய அறையோ வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது. அடுத்த வருஷமே லண்டனில் டிடெக்‌ஷன் கிளப் என்று எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். துப்பறியும் கதைகள் எழுதிய செஸ்டர்ட்டன் அதன் முதல் தலைவர். சேருகிறவர்கள் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும்: தெய்வ வாக்கு, மாய மந்திரம், தற்செயல் நிகழ்வு இவற்றை வைத்து மர்மத்தை அவிழ்க்க மாட்டேன் என்று. பாதி விளையாட்டாகச் செய்ததுதான். இருந்தாலும் வாசகரைத் தங்களுக்குச் சமமான ஆட்டக்காரராக அவர்கள் நினைத்திருக்கிறார்கள் என்பது இதில் தெரிகிறது. எனக்கு அந்த மரியாதை வேண்டும்.

அகதா கிறிஸ்டி 1926-ல் எழுதிய 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்' நாவலின் முடிவு நியாயமா இல்லையா என்று வெளிவந்த காலத்திலேயே பெரிய வாக்குவாதம் நடந்தது. முடிவை இங்கே சொல்ல மாட்டேன், படிக்காதவர்களின் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசில்லை. முடித்த கையோடு முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி படித்துப் பாருங்கள். பொய் சொன்ன வாக்கியம் என்று ஒன்றைக்கூடச் சுட்ட முடியாது. விடுபட்ட இடங்கள் உண்டு. உற்றுப் படித்தால் இங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும். நாம் உற்றுப் படிக்கவில்லை, அதுதான் அந்த நாவலின் வெற்றி. ஒரு த்ரில்லரை எடைபோட எனக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்கவில்லை: முடிவு தெரிந்தபின் முதல் மூன்று அத்தியாயங்களை மறுபடி படிக்கும்போது கதை இன்னும் அடர்த்தியாகிறதா, அல்லது பொத்தலாகிறதா? அந்தப் புகைப்பட நாவலில் நான் இதைச் செய்து பார்த்தேன். பொத்தல்தான்.

ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. கொலை ஆரம்பத்திலேயே நம் கண் முன்னால் நடக்கிறது. யார் கொன்றது, எப்படி, ஏன், யார் உதவிக்கு வந்தது எல்லாம் தெரியும். இவ்வளவையும் காட்டிவிட்டு, கடைசியில் நம்மை அசைத்துவிடுகிறார். அந்த அதிர்ச்சியில் ஒரு மனிதன் இன்னொருவருக்காக எவ்வளவு தூரம் போவான் என்பதும் சேர்ந்தே வெளிப்படுகிறது. திருப்பமும் அந்த ஆளின் சுபாவமும் ஒன்றாகவே இருக்கின்றன. அவனைப் புரிந்துகொள்ளாமல் அந்தப் புதிரைப் புரிந்துகொள்ள முடியாது.

இப்போது வருகிறவற்றில் இது தலைகீழ். 2012-ல் ஜில்லியன் ஃப்ளின்னின் 'கான் கேர்ள்', 2015-ல் பவுலா ஹாகின்ஸின் 'தி கேர்ள் ஆன் தி ட்ரெய்ன்' இரண்டும் கொட்டி விற்றபின், வீட்டுக்குள்ளேயே நடக்கும் த்ரில்லர்கள் வெள்ளமாக வந்தன. கணவன் மேல் சந்தேகம், பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு ரகசியம், கதை சொல்கிறவளுக்குக் குடியோ தூக்க மாத்திரையோ ஞாபக மறதியோ ஏதாவது ஒன்று. 'கான் கேர்ள்' படித்தவர்களுக்குத் தெரியும், அதன் பெரிய திருப்பம் ஏறக்குறைய பாதியிலேயே வந்துவிடுகிறது. உண்மை தெரிந்தபின்னும் மீதிப் பாதியை நாம் மூச்சுப்பிடித்துப் படிப்பது, அந்தக் கல்யாணம் இனி என்ன ஆகும் என்ற பதைப்பில்தான். பின்னால் வந்தவர்கள் திருப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதைக் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளிவிட்டார்கள். கல்யாணத்தை விட்டுவிட்டார்கள்.

அதனால்தான் கடைசி அத்தியாயத்தில் கொலைகாரர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பேச வேண்டியிருக்கிறது. யாரை எப்போது ஏன் கொன்றேன், அந்தக் கடிதத்தை வைத்தது யார், நாய் ஏன் குரைக்கவில்லை என்று வரிசையாக விளக்கம். வழியில் காட்டாமல் விட்டதையெல்லாம் மொத்தமாகக் கொட்டித் தீர்க்கிறார்கள். அந்த நேரத்தில் கதாநாயகி என்ன செய்துகொண்டிருக்கிறாள்? கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இதில் நீளமும் ஒரு பிரச்சினை. ரயில்வே ஸ்டேஷன் கடையில் ஒரு மாத நாவல் வாங்கி, இறங்கும் ஊர் வருவதற்குள் முடித்துவிடும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த அளவுக்கு ஒரு நல்ல முடிச்சு, ஒரு திருப்பம் போதும், நிறைவாகவே இருக்கும். 400 பக்கத்துக்கு அது போதாது. ஒரு முடிச்சை வைத்துக்கொண்டு 400 பக்கம் ஓட்ட வேண்டுமானால், நடுவில் யாராவது எதையாவது சொல்லாமல் இருந்தே ஆக வேண்டும். போனை எடுத்து ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும் விஷயத்தை ஆறு பேர் சேர்ந்து பேசாமல் இருப்பார்கள். என் டைரியில் மிக அதிகமாக வந்த குறிப்பு இதுதான்: ஏன் இவர்கள் ஒருவரிடம் ஒருவர் பேசவே மாட்டேனென்கிறார்கள்?

எனவே, அட்டையில் திருப்பத்தைப் பற்றியே பேசும் புத்தகத்தை நான் இப்போது வாங்குவதில்லை. யூகிக்கவே முடியாத முடிவு என்று போட்டுவிட்டால் முதல் பக்கத்திலிருந்தே மனசு ஒற்றன் வேலை பார்க்கத் தொடங்கிவிடும். கதையில் ரொம்ப நல்லவராக, சமயத்துக்கு உதவுகிறவராக யார் வந்தாலும் இவர்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம், முக்கால்வாசி நேரம் அவராகவே இருக்கிறார். அதே அட்டையில் ஓர் ஊரைப் பற்றி, ஒரு தொழிலைப் பற்றி, ஒரு குடும்பத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் எடுத்துப் பார்க்கிறேன். முடிவு சொதப்பினாலும் அந்த ஊரும் தொழிலும் நமக்குக் கிடைத்திருக்கும்.

ஃபேன்டஸிக்கு வருகிறேன். இங்கே எனக்கு வலி கொஞ்சம் அதிகம், ஏனென்றால் ஆசையும் அதிகம். இல்லாத ஓர் உலகத்தை ஒருவர் சொல்லிச் சொல்லியே கண்முன் கட்டி நிறுத்துவதைப் போல ஓர் அதிசயம் எழுத்தில் வேறு ஏது?

ஒரு நாவலில், திருடி ஒருத்தி நகர வாசலில் வரிசையில் நிற்கிறாள். இடுப்பில் திருடிய மோதிரம். காவலன் ஒவ்வொருவரின் மூட்டையையும் பிரித்துப் பார்த்துக்கொண்டே வருகிறான். அவளுக்கு முன்னால் நாலே பேர். எவ்வளவு அருமையான இடம்! அங்கே போய் எழுத்தாளர் கதையை நிறுத்துகிறார். அந்த நகரத்தை ஆண்ட வம்சங்கள், அவர்களுடைய கொடிகள், எந்தப் போரில் எந்தக் கோட்டை போயிற்று, நாணயத்தில் வெள்ளி எவ்வளவு செம்பு எவ்வளவு, காவல்படையில் எத்தனை பிரிவு என்று பக்கங்கள் ஓடுகின்றன. ஒரு வழியாகத் திரும்பி வந்தால் காவலன் அவளை உள்ளே விட்டுவிட்டான், ஒரே வரியில். அந்த வம்சங்களில் ஒன்றுகூடக் கதையில் பிறகு வரவில்லை. நான் பொறுமையாகப் படித்து மனப்பாடம் செய்ததெல்லாம் வீண்.

அதே நாவலின் முடிவில், ஆயிரம் வருஷமாகப் பூட்டிவைத்த அசுரசக்தி வெளியே வந்து படைகளை அழிக்கிறது. யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தத் திருடிக்குள்ளிருந்து திடீரென்று ஒரு வெளிச்சம் கிளம்பி எல்லாவற்றையும் முடித்துவைக்கிறது. அது என்ன சக்தி, அவளுக்கு எப்படி வந்தது, முன்னால் ஏன் வரவில்லை? பதில் அடுத்த பாகத்தில் இருக்குமாம். நாணயத்தின் செம்பு அளவைச் சொன்னவர் இதைச் சொல்லவில்லை.

ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு ஒரு விதி சொன்னார். மந்திரத்தை வைத்து ஒரு சிக்கலை எவ்வளவு திருப்தியாகத் தீர்க்க முடியும் என்பது, அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று வாசகருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. விதி சரிதான். ஆனால் அதைக் கணக்குப் பாடமாகப் பிடித்துக்கொண்டு, எந்த உலோகத்துக்கு எந்த சக்தி, எந்த நிறத்துக்கு எவ்வளவு தூரம் என்று அட்டவணை போடும் நாவல்களும் வந்துவிட்டன. எனக்கு அவையும் ஒட்டவில்லை. அர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' நாவலில் அட்டவணை ஏதும் கிடையாது. ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் இன்னோரிடம் காய்ந்துபோகலாம், ஒன்றை மாற்றினால் உலகத்தின் சமநிலையில் எங்கோ அசைவு ஏற்படும் என்று மந்திரம் கற்க வந்த ஒரு பையனுக்கு ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவன் வீம்புக்கு ஒரு மந்திரத்தைச் செய்துகாட்டப் போய் ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான். மீதிக் கதை முழுக்க அதன் விளைவுதான். மந்திரத்துக்கும் அந்தப் பையனின் கர்வத்துக்கும் நடுவில் ஒரு கோடுகூடப் போட முடியாது. அந்தப் புத்தகம் 200 பக்கத்தை ஒட்டித்தான் இருக்கும். கடல், தீவுகள், பள்ளி, நட்பு, பயம், ஒரு முழு வாலிபப் பருவம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இன்றைக்கு அந்தக் கதையைப் பதிப்பகத்துக்குக் கொண்டுபோனால் மூன்று பாகமாக்கச் சொல்வார்கள் என்றே தோன்றுகிறது. மூன்று பாகம் என்பது வானத்திலிருந்து வந்த சட்டம் ஒன்றும் இல்லை. டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையை ஒரே நாவலாகத்தான் எழுதினார். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் காகிதம் விலை அதிகம், அவ்வளவு பெரிய புத்தகத்தை ஒரே விலையில் விற்க முடியாது என்பதால் பதிப்பகம் 1954, 1955-ல் அதை மூன்றாகப் பிரித்து வெளியிட்டது. பிறகு வந்தவர்களுக்கு அது வடிவமாகவே ஆகிவிட்டது. முதல் பாகம் இப்போது பெரும்பாலும் முன்னுரை, இரண்டாவது நடைப்பயணம், ஏதாவது நடந்தால் மூன்றாவதில்தான். நான் காசு கொடுத்து வாங்குவது முதல் பாகத்தை. அதற்குள் ஒரு கதை தொடங்கி, ஏதாவது ஒரு விஷயமாவது முடிய வேண்டாமா?

மூன்றாவது பாகம் வருமா என்பது அடுத்த கவலை. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையில் முதல் நாவல் 1996-ல் வந்தது, ஐந்தாவது 2011-ல். அதைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர் 2019-லேயே முடிந்துபோயிற்று, ஆறாவது நாவலுக்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். எழுதுவது அவருடைய உரிமை, அவரைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ராபர்ட் ஜோர்டான் 'தி வீல் ஆஃப் டைம்' வரிசையை 1990-ல் தொடங்கி, முடிக்காமலே 2007-ல் காலமானார். அவருடைய குறிப்புகளை வைத்து சாண்டர்சன்தான் எழுதி முடித்தார், 14-ஆவது பாகம் 2013-ல் வந்தது. எழுதுகிறவருக்கும் உடம்பு, வயசு, வாழ்க்கை எல்லாம் உண்டு. அதனால் வாசகர் தன் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதுதான் புத்தி. முடிந்துவிட்ட வரிசையாக இருந்தால் மட்டுமே இப்போது முதல் பாகத்தை எடுக்கிறேன். முடியாத வரிசை ஒன்றில் ரொம்ப ஆசையாக இருந்தால், முதல் பாகம் தனியாக நிற்குமா என்று படித்தவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். "நிற்கும்" என்று ஒருவர் தயங்காமல் சொன்னால் போதும்.

தொடர்கதைக்குக் காத்திருப்பது தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமில்லாத விஷயமா? பொன்னியின் செல்வன் 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் வந்த கதை. முடிந்தபிறகு, இன்னார் என்ன ஆனார், அது ஏன் அப்படியே நின்றது என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி, ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து, பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று பதில் சொன்னார். நாவலைவிட அந்த முடிவுரை எனக்கு நெருக்கம் என்று சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். இத்தனை வருஷம் கூடவே வந்தவர்களுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்று ஒரு எழுத்தாளர் நினைத்திருக்கிறார் பாருங்கள், அது எனக்குப் பெரிய விஷயம்.

அப்புறம், டிராகனும் காதலும் கலந்த நாவல்கள். டிக்டாக் இந்தியாவில் 2020 ஜூனிலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது, ஆனாலும் அங்கே பிரபலமாகும் புத்தகங்கள் இன்ஸ்டாகிராம் வழியாக இங்கேயும் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஓரமெல்லாம் வண்ணம் தீட்டிய கெட்டி அட்டைப் பதிப்பு, உள்ளே வரைபடம், 'எதிரிகள் காதலர்களாகும் கதை' என்று ஒரு சீட்டு. அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவள் கொடுத்த ஒன்றை நான் திணறித் திணறிப் படித்துக்கொண்டிருந்தேன். போர்ப் பயிற்சிப் பள்ளி என்கிறார்கள், அந்தப் போர் யாரோடு, எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. டிராகன்கள் என்ன தின்னும் என்றுகூடத் தெரியவில்லை.

"நூறு பக்கம் தாண்டுங்க சித்தி, அப்புறம் விடவே மாட்டீங்க" என்றாள்.

தாண்டியும் எனக்குப் பிடிபடவில்லை என்றதும், "நீங்க டிராகனையே பார்க்கிறீங்க. நான் அவங்க ரெண்டு பேரையும்தான் பார்க்கிறேன்" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அது காதல் கதை, டிராகன் பின்னணி. காதல் கதையாக எடுத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது சில இடங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. முக்கியமாக, அவன் அவளுக்காகச் சேணத்தைச் சரிசெய்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் போகும் இடம். ஒரு புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைவிட, உள்ளே எந்த ஆசையைத் தீர்க்க முயல்கிறது என்று கேட்டுக்கொண்டு திறந்தால் பாதி ஏமாற்றம் குறைகிறது. ஆனாலும் என் குறை ஒன்று அப்படியே நிற்கிறது. அந்தச் சீட்டு ஒட்டும் வழக்கம் எழுத்துக்குள்ளும் வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் சண்டை, இந்தப் பக்கத்தில் ஒரே அறையில் தங்க நேர்வது, இங்கே காயத்துக்கு மருந்து போடுவது என்று முன்கூட்டியே குறித்துவைத்த இடங்களுக்கு இருவரையும் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அவர்களாக நடந்து போவதில்லை. த்ரில்லரில் திருப்பம் செய்யும் வேலையை இங்கே இந்தச் சீட்டுகள் செய்கின்றன. இரண்டிலும் விற்பதற்கு வசதியான ஒரு வரி முதலில் பிறந்துவிடுகிறது, ஆட்கள் பிறகு வருகிறார்கள்.

வாங்குவதற்கு முன்னால் நான் செய்வதைச் சொல்கிறேன். மின்நூல் கடைகளில் மாதிரி என்று கொடுப்பது எப்போதும் முதல் சில அத்தியாயங்கள். அவற்றைத்தான் எழுத்தாளரும் எடிட்டரும் அதிகமாகத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள், அதை நம்ப முடியாது. கடைக்குப் போனால் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடத்தைத் தேடிப் படிக்கிறேன். பெயர்களை விரலால் மூடிவிட்டுப் படித்தாலும் இது யார் பேச்சு என்று பிரித்துத் தெரிந்தால் வாங்குகிறேன். எல்லோரும் ஒரே குரலில், ஒரே கிண்டலோடு பேசினால் திரும்ப வைத்துவிடுகிறேன். இதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் எனக்கு உதவுவதில்லை. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் எது பிடித்தது, எங்கே சறுக்கியது என்று பொறுமையாக எழுதுகிறார்கள். புத்தகம் வந்த முதல் சில மாதங்களில் வரும் பாராட்டுகளையும் தள்ளியே வைக்கிறேன். ஒரு வருஷம் கழித்தும் யாராவது அதைப் பற்றிப் பேசினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் விலையும் இறங்கியிருக்கும், பழைய புத்தகக் கடைக்கும் வந்திருக்கும்.

நிறுத்துவதற்கு நான் பின்பற்றுவது சியாட்டில் நகர நூலகராக இருந்த நான்சி பேர்ல் சொன்ன விதி. 50 பக்கம் படியுங்கள், பிடிக்காவிட்டால் குற்ற உணர்ச்சி இல்லாமல் மூடிவிடுங்கள். 50 வயதைத் தாண்டியவர்கள் 100-லிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொள்ள வேண்டும், 60 வயதுக்காரருக்கு 40 பக்கம் போதும். ஃபேன்டஸிக்கு மட்டும் நான் இதைக் கொஞ்சம் நீட்டித்துக்கொள்கிறேன், புது உலகத்தில் கண் பழக நேரமாகும். த்ரில்லருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இவ்வளவு புகார் சொன்னபின் இதையும் சொல்லியாக வேண்டும். இந்த ஐந்தாறு வருஷத்தில் வந்தவற்றிலேயே என்னை முழுசாக ஜெயித்தவை உண்டு. சுசானா கிளார்க்கின் 'பிரனேசி' 2020-ல் வந்தது, மறுவருஷம் பெண் எழுத்தாளர்களுக்கான விமன்ஸ் பிரைஸ் விருதை வாங்கியது. முடிவில்லாத கூடங்கள், சிலைகள், கீழ்த்தளங்களில் கடல் அலை, அதற்குள் ஒருவன் டைரி எழுதிக்கொண்டு வாழ்கிறான். அவன் எதையும் மறைப்பதில்லை. பார்த்தது, கேட்டது, அலை எப்போது ஏறும் என்பது வரை எல்லாவற்றையும் சுத்தமாக எழுதிவைக்கிறான். தனக்கு என்ன நடந்திருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. அவன் எழுதியதை வைத்தே நமக்கு அவனுக்கு முன்னால் புரிந்துவிடுகிறது, அப்புறம் அவனைப் பார்த்துப் பயப்படுகிறோம், அவனுக்காகப் பயப்படுகிறோம், இதை யாராவது அவனிடம் மெதுவாகச் சொல்ல மாட்டார்களா என்று தவிக்கிறோம். புகைப்படத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்ட அந்தக் கடலோரக் கதாநாயகியின் நேர் எதிர் இவன். ஃபேன்டஸிதான், ஆனால் நான் சமீபத்தில் படித்த எந்தத் த்ரில்லரும் இதன் அளவுக்கு என்னைப் பதறவைக்கவில்லை. புத்தகமும் சின்னது.

ஜானிஸ் ஹாலெட்டின் 'தி அப்பீல்' 2021-ல் வந்தது. ஓர் ஊரின் அமெச்சூர் நாடகக் குழு, நோயில் விழுந்த ஒரு குழந்தைக்காக நன்கொடை திரட்டுகிறது. மின்னஞ்சல்களும் செய்திகளுமாகவே கதை நகர்கிறது. சட்டம் படிக்கும் இரண்டு பேரிடம் அந்தக் கட்டு கொடுக்கப்படுகிறது, அவர்கள் பார்க்கும் அதே காகிதங்கள் நம் கையிலும் இருக்கின்றன. எழுதுகிறவர்கள் ஒருவரிடம் ஒருவர் பொய் சொல்கிறார்கள், ஆனால் புத்தகம் நம்மிடம் பொய் சொல்வதில்லை. எல்லோருக்கும் விழுந்து விழுந்து மின்னஞ்சல் அனுப்பும் ஒருத்தி, பதிலே வராத போதும் அடுத்ததை எழுதுகிறாள். பதில் வராத அந்த இடைவெளியை வைத்தே அவளுடைய தனிமையை நம்மால் படிக்க முடிகிறது. அக்கா மகளிடம் இதைக் கொடுத்திருக்கிறேன். யார் குற்றவாளி என்று நடுவில் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைக்கச் சொல்லியிருக்கிறேன், என் சீட்டு ஏற்கெனவே அதில் இருக்கிறது.